கத்தரிக்காய் முற்றினால் வங்கிக்கு வரும்!

ஒரு கத்தரிக்காய் 640 ரூபாய் என்றால் நம்புவீர்களா? என்னிடம் கணக்கு இருக்கிறது.

மோட்டார் ரிப்பேர், வேலிக்கு வலை, ஒரு டிராக்டர் குப்பை எரு, விதை, மண்வெட்டி, வீடியோ பார்த்து வாங்கிய, இன்றுவரை எதற்கென்று தெரியாத ஒரு கருவி... மொத்தம் 11,520 ரூபாய். முதல் ஆறு மாதத்தில் வீட்டுக்கு வந்தது 18 கத்தரிக்காய். பாக்கியெல்லாம் மயில்களுக்கும் புழுக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பி.காமில் காஸ்ட் அக்கவுன்டன்சி படித்தவன் சும்மா இருப்பானா? வகுத்துப் பார்த்தேன். 640!

அந்தக் காயில் என் மனைவி எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தாள். சாப்பிடும்போது எனக்குக் கை நடுங்கியது. ஒரு வாய்க்கு நூற்றறுபது ரூபாய் சார்!

ஊர், சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே. கன்னடியன் கால்வாய் பாயும் பூமி. யாரோ ஒரு கன்னட தேசத்து பிரம்மச்சாரி, கிடைத்த பொன்னையெல்லாம் போட்டு தாமிரபரணியிலிருந்து இந்தக் கால்வாயை வெட்டினார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அந்தப் புண்ணியவானுக்கு ஹவுஸிங் லோன் இல்லை. எனக்கு இருந்தது.

சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2019-ல், அப்பா விட்டுப்போன பத்து சென்டில் வீடு கட்ட 20 லட்சம் கடன் வாங்கினேன். ரிட்டயரான பிறகு வந்து திண்ணையில் உட்காரலாம் என்று பிளான். 2020-ல் கொரோனா வந்து, 'எதற்கு அதுவரை காத்திருக்கே? இப்பவே போ!' என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டது. இப்போது கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். இந்த மாதிரி எழுதுகிறேன். மீதி நேரம் மயில் விரட்டுகிறேன்.

கடன் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். காரணம் அப்பா. அவரிடம் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு அதை வைத்து வட்டிக்கு வாங்கினார். பதினோரு வருஷம் வட்டி கட்டினார். வட்டி மட்டும். அசல், நட்டுவைத்த கல் மாதிரி அப்படியே நின்றது. கடைசியில் வயல் போனது. கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. எனக்கு ஒன்பது வயது. அவர் பங்கு அப்பளத்தையும் நானே சாப்பிட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

'நம்முடையது வங்கிக் கடன். அசலும் சேர்ந்தல்லவா கழிகிறது' என்று தெம்பாக இருந்தேன். ஒருநாள் ஸ்டேட்மென்ட்டை உட்கார்ந்து படித்தேன். தெம்பு போச்சு.

இனி வரும் இரண்டு பாரா கணக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பவர்கள், சீட் கிடைத்த பிறகு படிக்கவும்.

20 லட்சம் கடன், 20 வருஷம். வட்டி ஏறும், இறங்கும். வசதிக்கு எட்டரை சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதம் இதில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் 3,190! ஒரு மாதம்கூடத் தவறாமல் பத்து வருஷம் கட்டுகிறீர்கள். பாதிக் காலம் முடிந்தது. பாதிக் கடன் முடிந்திருக்குமா? இல்லை சாமி! 14 லட்சம் பாக்கி நிற்கும். ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. மீதி இருக்கும் அசலுக்கு வட்டி. ஆரம்பத்தில் அசல் மலை மாதிரி இருப்பதால் வட்டியும் மலை மாதிரி. அவ்வளவுதான்.

இப்போது அதே ஆள் மாதம் 2,000 ரூபாய் கூடுதலாக, முதல் மாதத்திலிருந்தே அசலில் கட்டுகிறார் என்று வையுங்கள். கடன் பதினைந்தரை வருஷத்தில் முடிந்துவிடும். நாலரை வருஷம் மிச்சம். வட்டியில் மிச்சம் சுமார் ஐந்தரை லட்சம். அதே 2,000 ரூபாயைக் கடைசி வருஷங்களில் கட்டினால் பலன் சொற்பம். விதைக்கு மட்டுமில்லை, அசலுக்கும் பட்டம் உண்டு. முந்தி விதைத்தவனுக்கே முழு விளைச்சல்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்களே என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அப்படி அபராதம் வாங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது.

மாதம் இரண்டாயிரத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் தோட்டத்தைப் பார்த்தேன். சென்னையில் எங்கள் காய்கறிச் செலவு மாதம் ஏறக்குறைய 3,000 ரூபாய். அதில் இரண்டாயிரத்தை மண்ணிலிருந்து எடுத்து நேரே வங்கியில் கட்டினால்?

மனைவியிடம் சொன்னேன். "கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வரும்பாங்க. உங்களுது பேங்குக்குப் போகுமாக்கும்!" என்றாள்.

சென்னை நண்பன் போனில் அலறினான். "முட்டாளாடா நீ? வீட்டுக் கடன் வட்டிக்கு இன்கம்டாக்ஸில் கழிவு உண்டு. கடனைக் கட்டிட்டா சலுகை போச்சே!" பல ஆபீஸ்களில் டீ டைம் வேதம் இதுதான். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு வருஷம் 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம், உண்மை. புதிய முறையில் அது கிடையாது. கிடைத்தாலும் யோசியுங்கள். முப்பது சதவிகித வரி கட்டுகிறவருக்கு, 100 ரூபாய் வட்டி கட்டினால் 30 ரூபாய் சொச்சம் வரி மிச்சம். பாக்கி எழுபது? அது போனது போனதுதான்!

தோட்டத்துக்கு வருவோம். என் பிழைப்பைப் பார்த்து மனசு இளகியவர் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி. "தம்பி, கத்தரியிலயா ஆரம்பிக்கது? அது சீக்காளிப் பிள்ளைல்லா! மொதல்ல கீரையப் போடும். வெண்டை, சீனியவரை போடும். வேலியில பீர்க்கு ஏத்தும். மூலையில ஒரு முருங்கைக் கம்ப நடும். தண்ணியக் கொறையும். நீரு ஊத்துத தண்ணிக்குச் செடி நீச்சல் படிக்கணும்!"

கேட்டேன். தண்டங்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்தது. வெண்டை நாற்பத்தைந்து, ஐம்பது நாளில். ஆடியில் விதைத்தது ஆவணி, புரட்டாசியில் கூடை கூடையாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டாஞ்சோற்றுக்குக் கடைக்குப் போய் வாங்கியது அரிசியும் பருப்பும் மட்டும்தான்.

ஆனால், தோட்டத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் வீட்டில் காய்க்கும்போது ஊர் முழுக்கக் காய்க்கும். விற்கலாம் என்று பையோடு போனால், வாங்கிக்கொண்டு வரும்படி ஆகிவிடும்! ஒரு சீசனில் நான் தெருவில் வந்தாலே சொந்தக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். 'பீர்க்கங்காய் கொண்டு வாரான்!' தோட்டக் காய்கறி வருமானமில்லை, செலவுக்குப் போட்ட அணை. அந்த அணைக்குப் பின்னால் தேங்குவதை அன்றன்றே கால்வாயில் திருப்பாவிட்டால், சினிமா, பிரியாணி, புது செல்போன் என்று கசிந்து போய்விடும். அதனால் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, 2,000 ரூபாய் அசலில் கட்டிவிடுவேன்.

2022-ல் ஒரு வேடிக்கை. மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. நாலு சதவிகிதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் ஆறரை. என் தவணைத் தொகையோ மாறவேயில்லை. 'பரவாயில்லையே!' என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, தொகையை விட்டுவிட்டுக் காலத்தை நீட்டியிருந்தார்கள். நான் முன்பக்கம் வெட்டிய வருஷம் பின்பக்கம் முளைத்துக்கொண்டிருந்தது, கோரைப்புல் மாதிரி! (இப்படி வட்டி மாறும்போது கடன்காரரிடம் விவரம் சொல்லி, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது.)

எனக்கு வெறி வந்தது. இரண்டாயிரத்தோடு நிற்கவில்லை. தீபாவளிக்கு வந்த பணம், முதிர்ந்த பாலிசிப் பணம், மகனின் உண்டியல் தவிர மற்ற எல்லாம் அசலுக்கே போனது. 2023 முடியப்போகையில், கூடுதலாகக் கட்டியது மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரம். சேமிப்புக் கணக்கில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம். மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அந்த டிசம்பர் 17-ம் தேதி மழை பிடித்தது.

எப்படிப்பட்ட மழை என்று உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரையை மறந்தது. எங்கள் தெருவுக்குள் ஆறு வரவில்லை, வாய்க்கால் உடைந்து வந்தது. தோட்டம் போனது. மோட்டார் முழுகியது. தெற்குச் சுற்றுச்சுவர் விழுந்தது. நான் கணக்கு எழுதும் கடைகளில் பல, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம். சரக்கே நனைந்து கிடக்கும்போது யாரிடம் போய் ஃபீஸ் கேட்பது?

உடனடியாக அறுபதாயிரம் தேவை. வங்கிக்குப் போனேன். "கூடுதலா கட்டியிருக்கேனே, அதுல கொஞ்சம் திருப்பிக் கொடுங்க சார்." அவர் பாவம், நல்ல மனிதர். "அது அசல்ல கழிஞ்சாச்சு சார். திரும்ப வேணும்னா புதுசா கடனுக்கு எழுதிக் கொடுங்க. ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றார். கட்டின பணம் கட்டினதுதான். அசலுக்குள் போகக் கதவு உண்டு, திரும்பி வரக் கதவு கிடையாது. இது கணக்குப் படித்த எனக்குத் தோன்றவேயில்லை பாருங்கள்!

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கொண்டுவந்து கையில் வைத்தாள். அடகுக் கடையில் என் வீட்டுக் கடனைவிட வட்டி அதிகம். எட்டரை சதவிகிதத்தை மிச்சம் பிடித்த மேதாவி, அதற்கு மேல் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வரும்போது அப்பா ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. என் மகன் என் பங்கு அப்பளத்தை எடுத்துக்கொண்டான்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள், திருநெல்வேலி போனபோது குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போனேன். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். பெரிய வெள்ளம் வந்தால் முழுகும். வெள்ளம் வடிந்தால் கழுவி விட்டுப் பூஜை நடக்கும். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் முக்கியமான சாமான்களையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்குத்தான் உறைத்தது. ஆற்றுக்குள் தைரியமாக உட்கார்ந்திருக்கிற சாமிக்கே மேட்டில் ஓர் இடம் இருக்கிறது. எனக்கு?

சங்கிலியை மீட்கப் பதினோரு மாதம் ஆனது. அதுவரை கூடுதல் தவணை நிறுத்தம். இப்போது வரிசை மாறிவிட்டது. முதலில் ஆறு மாதச் செலவுக்கும் தவணைக்குமான பணம், நினைத்தால் எடுக்கிற மாதிரி டெபாசிட்டில். அடுத்து, வீட்டுக் கடனைவிட அதிக வட்டி உள்ள கடன்கள்: அடகு, கிரெடிட் கார்டு. அதற்கப்புறம்தான் அசலில் கூடுதல். சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் மாதிரி வீட்டுக் கடன் உண்டு. கூடுதலாகப் போட்டதைத் திரும்ப எடுக்கலாம், வட்டி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கடன் வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

கூடுதலாகக் கட்டும்போது, 'அசலில் கழிக்கவும், காலத்தைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தவணையைக் குறைத்துவிடக் கூடும். வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் வாங்கி, பாக்கிக் காலம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடன் முழுக்க முடிந்தால் முப்பது நாளைக்குள் மூலப் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி. என் அப்பா காலத்தில் இப்படி ஒரு விதி அவருக்குத் தெரிந்திருந்தால்... சரி, விடுங்கள்.

'வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துடவா?' என்று கேட்டு நண்பர்கள் போன் செய்கிறார்கள். அவசரப்படாதீர்கள். என் கடனைக் குறைத்ததில் கத்தரிக்காயைவிடப் பெரிய பங்கு, சென்னையில் கட்டாமல் விட்ட வாடகைக்குத்தான். மொட்டை மாடியில் நாலு தொட்டிக் கீரை போதும், பழக்கம் வருவதற்கு. கீரை மிச்சம் பிடிப்பது இருநூறு ரூபாயாக இருந்தாலும், அது போகிற வாய்க்காலை முதலில் வெட்டிவிடுங்கள்.

போன ஆடியில் மறுபடி கத்தரி போட்டேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "இப்பம் பரவால்ல, ஒரு காயி எம்புட்டு விழுது?" என்றார். நாலு ரூபாய். நிமிர்ந்து சொன்னேன்.

டெபாசிட் ரசீதுகளை என் மனைவி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். போன வாரம் மகன் கிரிக்கெட் பேட் கேட்டான். நான் மெதுவாக டப்பா பக்கம் பார்த்தேன்.

"என்னங்க, அந்தப் பக்கம் பார்க்காதீங்க. அது மேலக்கோயில்!" என்றாள்.

பேட்டுக்குப் பீர்க்கங்காய் விற்றாக வேண்டும். தெருவில் கதவு சாத்தாமல் இருந்தால் சரி.