சாப்பாட்டுக்குப் பின் திறக்கும் கதவு

“சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்கிறார் டாக்டர். காலையில் நடக்க நேரமே கிடைப்பதில்லை. இரவு சாப்பிட்டதும் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தால் பயன் உண்டா? செரிமானம் கெட்டுவிடுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பயன் நிச்சயம் உண்டு. நிதானமாக நடந்தால் செரிமானமும் கெடாது. அந்தப் பயன் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் சொல்லிச் சொல்லி மாளாத விஷயம்.

முதலில் ஒரு கணக்கு. நம் உடலில் ஓடும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில், வெறும் வயிற்றில் இருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 5 கிராம் அளவுதான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை. வயிறாரச் சோறு சாப்பிட்டால் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது. ஒரு மூட்டை அரிசிக்கே இடமுள்ள சந்தில் பன்னிரண்டு மூட்டைகள் வந்து இறங்குவதுபோல. அவற்றை உடனுக்குடன் வீடுகளுக்குள் எடுத்துப் போட்டாக வேண்டும். அதில் பெரிய வீடு, தசை.

அந்த வீட்டின் அமைப்புதான் விசித்திரமானது. சுவரில் கதவுகள் மிகக் குறைவு. பெரும்பாலான கதவுகளைக் கழற்றி உள்ளே அடுக்கி வைத்திருக்கிறார்கள். ‘க்ளூட்-4’ என்ற புரதம்தான் அந்தக் கதவு. தசைச் செல்லுக்குள் நுண்ணிய பைகளில் அது காத்துக் கிடக்கிறது. கணையம் அனுப்பும் இன்சுலின் வாசல் மணியை அடித்ததும், பைகள் செல்லின் விளிம்புக்கு நகர்ந்து சவ்வோடு கலக்கின்றன. சுவரில் கதவுகள் முளைக்கின்றன. குளுக்கோஸ் உள்ளே போகிறது. வேலை முடிந்ததும் கதவுகள் மறுபடியும் உள்ளே போய்விடும்.

இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்கம் இந்த மணியின் கம்பி துருப்பிடிப்பதுதான். மணி அடிக்கிறது, உள்ளே சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் ஓங்கி அடிக்கிறது. மூட்டைகள் சந்திலேயே தேங்குகின்றன. மிஞ்சியதில் ஒரு பகுதியைக் கல்லீரல் என்ற கிடங்கு வாங்கிக் கொழுப்பாக மாற்றி, அதையும் ரத்தத்திலேயே ஏற்றி அனுப்புகிறது. காலப்போக்கில் சந்தின் சுவர், அதாவது ரத்தக்குழாயின் உட்பூச்சு, பழுதாகிறது. சர்க்கரை நோயும் மாரடைப்பும் ஒரே சந்தில் குடியிருப்பதன் காரணம் இது.

ஆனால் இந்த வீட்டில் அடுப்படி என்று ஒன்று இருக்கிறது. உலை கொதிக்கிறது, பானையில் அரிசி இல்லை என்றால் சமைப்பவர் வாசல் மணிக்காகக் காத்திருப்பாரா? தானே கதவைத் தூக்கி வந்து மாட்டிவிடுவார். நடக்கும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் நடப்பது இதுதான். தசை சுருங்கும்போது வெளிப்படும் கால்சியமும், எரிபொருள் குறைவதை உணரும் ஏ.எம்.பி.கே. என்ற நொதியும் க்ளூட்-4 பைகளை விளிம்புக்குத் தள்ளுகின்றன. இன்சுலின் மணி தேவையே இல்லை. நீரிழிவு வந்தவர்களிடமும் இந்த அடுப்படி வழி பெரும்பாலும் பழுதில்லாமல் இயங்குகிறது. நல்ல உடற்பயிற்சிக்குப் பிறகு ஒரு நாள் வரைகூட அந்தப் பழைய மணிச் சத்தம் தசைக்குக் கொஞ்சம் தெளிவாகக் கேட்கிறது.

வரலாறு தேவையென்றால் இவ்வளவு போதும்: லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று 1953இல் ஜெரமி மோரிஸ் காட்டினார். ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு தொடக்கத்திலேயே பெரிது என்பதையும் பின்னர் அவரே கண்டு சொன்னார். அதாவது வித்தியாசம் முழுவதையும் படியேற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. நேர்மையான விஞ்ஞானம் அப்படித்தான் இருக்கும்.

நமக்கு அதைவிட நெருக்கமான சான்று சென்னையில் இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக் கணக்கில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் கைக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்தவர்களில் 39.5. பழக்கம் மாத்திரைக்குச் சமமாக நின்றது. அதுவும் குறிப்பிடத்தக்க எடைக் குறைவு இல்லாமலே! எடை குறையவில்லையே என்று நடையை நிறுத்திவிடுபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். அதேசமயம், பழக்கத்தை மாற்றியும் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு நோய் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. நடை உத்தரவாதம் தராது. நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

ஆகவே பட்டை நீர், வெந்தயப் பொடி என்று ‘மூன்றே வாரத்தில் சர்க்கரை போயே போச்சு’ வகைக் காணொலிகளை நம்ப வேண்டாம். 10,000 அடி என்ற இலக்கும் வேதவாக்கு அல்ல. 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயதான பெண்களுக்கு நாளொன்றுக்கு 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் மேலும் கூடாமல் நின்றது.

இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், காலில் புண்ணோ நெஞ்சுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றவர்கள் இன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் தொலைக்காட்சி முன் உட்காராமல் செருப்பை மாட்டுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வீட்டில் இருப்பவர்களையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.