நோட்டை பீரோவில் பூட்டாதீர்கள்!

திருவண்ணாமலை–

2024 டிசம்பர் 1-ந்தேதி மாலை, பெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலை சரிந்தது. வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மண்ணும் பாறையும் மூடின. 5 குழந்தைகள் உள்பட 7 பேர் பலியானார்கள்.

போன உயிருக்கு ஈடு கிடையாது. வீட்டுக்கும் சாமானுக்கும் உண்டு.

2021 ஏப்ரல் 1 முதல் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் "பாரத் கிரஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தருகின்றன. தீ, புயல், வெள்ளம் மட்டுமல்ல, மண்சரிவும் பாறைச்சரிவும் இதில் சேரும். வாடகைக்கு இருப்பவர் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம்.

வீட்டோடு சேர்த்து எடுத்தால், கட்டிடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, பட்டியல் கேட்காமலே சாமானுக்கும் பாதுகாப்பு.

"அப்புறம் பட்டியல் எதுக்கு?" என்பீர்கள். சிக்கலே அங்கேதான்! நஷ்டஈடு கேட்டால் சர்வேயர் வருவார். "என்னென்ன போச்சு? எப்போ வாங்கினது?" என்பார். சேற்றில் நின்றுகொண்டு "கிரைண்டர் இருந்துச்சு சார்" என்றால் எடுபடுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அறை அறையாகச் சாமானின் பெயர், கம்பெனி, வாங்கிய வருடம், விலை எழுதுங்கள். சாமானையும் பில்லையும் செல்போனில் படம் எடுங்கள். நோட்டை பீரோவில் பூட்டினால் பீரோவோடு அதுவும் போகும். வெளியூர்த் தங்கச்சிக்கோ மகனுக்கோ ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

நகையைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஒரு நகை 1 லட்சத்தைத் தாண்டினால் மதிப்புச் சான்றிதழ் கேட்பார்கள்.

தீபத்தன்று பூட்டை உடைத்துத் திருடினால் இந்தப் பாலிசியில் பணம் வராது. புயல், வெள்ளம் போன்ற ஆபத்தால் வீடு சேதமாகி, 7 நாளுக்குள் அதையொட்டி நடக்கும் திருட்டுக்கு மட்டுமே உண்டு. மற்ற திருட்டுக்குத் தனிப் பாலிசி!