ஆச்சி ஜெயித்த டென்னிஸ்

லீவில் மாமா வீட்டில் 'வீ ஸ்போர்ட்ஸ்' விளையாடினோம். ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 2006-ல் வெளியிட்ட வீடியோ கேம். டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், பாக்ஸிங் என 5 ஆட்டங்கள். ரிமோட்டை மட்டை மாதிரி வீசினால், உள்ளே இருக்கிற சென்சார் கை அசைவைக் கண்டுபிடித்துவிடும். டென்னிஸில் ஓடுவதை கேமே பார்த்துக்கொள்ளும். பந்து வருகிற நேரம் பார்த்து வீசுவது மட்டும்தான் நம் வேலை. மணிக்கட்டைச் சுண்டினாலே போதும்! அதனால்தான் பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் தினமும் ஓடுகிற எங்க அண்ணனை, முட்டுவலிக்கார ஆச்சி சேரில் உட்கார்ந்தபடியே தோற்கடிச்சிட்டாங்க. "இதெல்லாம் வெளாட்டே இல்ல"ன்னு அவனுக்கு ஒரே கோபம். பாக்ஸிங்கில் மட்டும் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. கோல்ஃப் செம போர். பி.டி. பீரியடுக்கு இது ஈடாகாது, சார் பயப்பட வேண்டாம்! ஆனால் ஆச்சி எங்களோடு சேர்ந்து விளையாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் மார்க் 10-க்கு 7. ஆச்சி 10 போடச் சொல்றாங்க.