ராத்திரி அழுதால் பால் போதவில்லை என்று அர்த்தமா?

தலைக்குழந்தை பெற்றவளுக்கு மூன்று மாதம் முடியும்போது சற்று நிம்மதி பிறக்கும். குழந்தை ராத்திரியில் சேர்ந்தாற்போல் நாலைந்து மணி நேரம் தூங்க ஆரம்பித்திருக்கும். 'அப்பாடா' என்று உட்கார்வதற்குள் நாலாம் மாதம் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

பிரசவத்துக்கு என்னிடம் வந்திருந்த என் பெண்ணுக்கும் அப்படித்தான் ஆயிற்று. சமர்த்தாகத் தூங்கிய பேரன் பதினோரு மணி, பன்னிரண்டரை, இரண்டு என்று விழித்து அழத் தொடங்கினான். ஐந்தாம் நாள் காலையில் அவள் கண்கலங்கி நின்றாள். "பால் பத்தலைன்னு நினைக்கிறேம்மா. அத்தையும் போன்ல அதான் சொல்றாங்க. ராத்திரிக்கு மட்டும் ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுக்கட்டுமா?"

பல வீடுகளில் புட்டிப்பால் நுழைவது இந்த இடத்தில்தான். புட்டியில் குடித்த அளவுக்குக் குழந்தை தாயிடம் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். இல்லாத குறையை நாமே வரவழைத்துக்கொள்வோம்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போறான்?" என்று கேட்டேன். ஆறு தடவைக்கு மேல். 14-வது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது பார்த்த எடையும் நன்றாக ஏறியிருந்தது. பிறகென்ன, பால் போதுகிறது!

நாலாம் மாத வாக்கில் குழந்தையின் தூக்கமே மாறுகிறது. பெரியவர்களுக்குப் போல மேல்தூக்கம், ஆழ்ந்த தூக்கம் என்று சுற்றுச் சுற்றாக வர ஆரம்பிக்கிறது. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அரை விழிப்பு வரும். நமக்கும் வருகிறதே! புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். காலையில் ஞாபகம்கூட இருப்பதில்லை. மடியில் தூங்கிப்போன குழந்தையோ கண்விழித்தால் மடியைத் தேடுகிறது. இதே வயதில் பகலில் வேடிக்கை வேறு. கதவு சத்தம் கேட்டால் பாலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். பகலில் விட்டதை ராத்திரியில் கேட்கும்.

அதனால் பகலில் சந்தடி இல்லாத அறையில் உட்கார்ந்து பால் கொடுக்கச் சொன்னேன். ராத்திரியில் அவன் முனகியதும் வாரி எடுக்காமல் ஒரு நிமிஷம் பார்ப்போம். பாதி நேரம் கண்ணை மூடியபடியே முனகிவிட்டுத் தூங்கிவிடுவான். இல்லாவிட்டால் மார்பில் கை வைத்து 'ஷ்ஷ்' என்பாள். நிஜமாக அழுதால் பால்தான். பெரிய விளக்கும் பேச்சும் கிடையாது. கதறக் கதற விட்டுப் பழக்குவார்களாமே, எனக்கு அதில் சம்மதம் இல்லை.

தூங்கவைப்பதிலும் ஓர் ஒழுங்கு வைத்தோம். உடம்பு துடைத்து, பால் கொடுத்து, ஒரு தாலாட்டு. கண் சொருகும்போதே மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவோம். தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். புரள முயலும் குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றுவதும் கூடாது.

எதிர்வீட்டுப் பாட்டி, "வசம்பை உரசி நாக்குல தடவு, நல்லா தூங்கும்" என்றார். பெரியவர், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர, டாக்டர் சொல்லும் மருந்து தவிர, தண்ணீர்கூடத் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, துவண்டு கிடந்தாலோ அது தூக்க விஷயம் அல்ல. உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தாய்க்கும் இதைச் சொல்கிறேன். இரண்டு வாரமாக மனசு பாரமாகவே இருக்கிறது, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்றால், 'எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே' என்று அடக்கி வைக்காமல் டாக்டரிடம் பேசவேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஓடியது. விடியற்காலைப் பால் ஆனதும் குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன். அவள் எட்டு மணி வரை தூங்குவாள். சனி, ஞாயிறில் மாப்பிள்ளை வந்தால் அது அவர் பொறுப்பு. முதல் நாள், "அத்தை, அழுதா என்ன செய்யறது?" என்று பயந்தவர், மறுவாரம் தானே எழுந்து வந்து கை நீட்டினார்.