இணையக் கலைக்களஞ்சியத்தில் நம் ஊர்: ஆப்பிரிக்கா முதல் சோமனூர் வரை

அறிமுகம்

இணையக் கலைக்களஞ்சியம் என்பது எவரும் இலவசமாகப் படிக்கவும், விரும்பினால் எழுதவும் திருத்தவும் கூடிய தகவல் தொகுப்பு. இவற்றுள் மிகப் பெரியது 2001-இல் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா. ஓர் ஊரைப் பற்றியோ ஒரு தொழிலைப் பற்றியோ மாணவர் ஒருவர் தேடும்போது முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதன் பக்கமே. தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இதிலிருந்து தகவல்களை எடுத்துக்கொள்கின்றன. இதில் ஓர் ஊரைப் பற்றி இரண்டு வரிகளே இருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஊர் அந்த இரண்டு வரிகள்தான்.

எவரும் எழுதலாம் என்றாலும் எல்லோரும் எழுதுவதில்லை. எழுதாதவர்களின் ஊரையும் தொழிலையும் பற்றிப் பிறர் எழுதுகிறார்கள், அல்லது யாருமே எழுதுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி உண்டாகிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதை ஆப்பிரிக்கா, தமிழ், கோவை மாவட்டத்துச் சோமனூர் ஆகிய மூன்றையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஆப்பிரிக்காவின் நிலை

விக்கிப்பீடியாவில் எந்தெந்த நாடுகளிலிருந்து திருத்தங்கள் செய்யப்படுகின்றன என்பதை ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் கிரகாமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலுமிருந்து வந்த திருத்தங்களைவிட, நெதர்லாந்து என்ற ஒரே நாட்டிலிருந்து வந்தவை அதிகம் என்று அதில் தெரிந்தது. நெதர்லாந்தின் மக்கள்தொகை 2 கோடியைக்கூட எட்டாது. ஆப்பிரிக்காவில் அப்போதே 100 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

இதற்குக் காரணங்கள் பல. இணையக் கட்டணம் வருமானத்துக்கு மிஞ்சியதாக இருக்கிறது. மின்சாரம் நிலையாகக் கிடைப்பதில்லை. பள்ளியில் ஆங்கிலமோ பிரெஞ்சோ படித்தவர்கள் தாய்மொழியில் எழுதிப் பழகியிருப்பதில்லை. மேற்கோள் காட்டுவதற்கான அச்சு நூல்களும் குறைவு. இதன் விளைவாக, அக்கண்டத்தைப் பற்றிய பல பக்கங்களை அங்கு வாழாதவர்களே எழுதினார்கள். போரும் பஞ்சமும் வனவிலங்கும் நிறைய இடம்பெற்றன. சந்தை, சமையல், கைத்தொழில், உள்ளூர் வரலாறு ஆகியவை பின்தங்கின.

மாற்றத்துக்கான முயற்சிகளும் நடந்தன. ஆப்பிரிக்க மக்களே தம் வாழ்க்கையைப் படம் எடுத்துப் பகிரும் 'விக்கி லவ்ஸ் ஆப்பிரிக்கா' போட்டி 2014-இல் தொடங்கியது. முதல் ஆண்டுக்குக் கொடுத்த தலைப்பு உணவு. விக்கிமீடியா பங்களிப்பாளர்களின் உலக மாநாடு 2018-இல் கேப்டவுனிலும் 2025-இல் நைரோபியிலும் நடைபெற்றது.

தமிழின் அனுபவம்

தமிழில் கலைக்களஞ்சியப் பணிக்கு அச்சுக் காலத்திலேயே தனி வரலாறு உண்டு. அதில் கொங்கு நாட்டின் பங்கு பெரிது. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளியிட்டது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் ஈரோடு பகுதியில் பிறந்த பெ. தூரன். பின்னர் குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியமும் அவர் பொறுப்பில் பத்துத் தொகுதிகளாக வந்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் பெரும்பங்கு ஆற்றியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். கட்டடக் கலைஞரான அவர், வேலை நிமித்தம் ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்தபோது, வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். தமிழ்நாடு, இலங்கை, புலம்பெயர் நாடுகள் ஆகியவற்றிலிருந்து பலர் அவருடன் சேர்ந்தனர். 2010 சூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி வைக்கப்பட்டது. 2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

பங்களிப்பாளர்கள் பலரும் ஊதியம் பெறாதவர்கள். ஓய்வு நேரத்தில் எழுதியவர்கள். ஆனால் இலட்சம் என்ற எண்ணிக்கையைக் கொண்டு எல்லா ஊரும் எல்லாத் தொழிலும் பதிவாகிவிட்டதாக நினைக்க முடியாது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறார்கள். ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் எழுத வராவிட்டால், அத்தொழிலின் பக்கம் காலியாகவே கிடக்கும்.

சோமனூரை எடுத்துக்கொண்டால்

சோமனூர், கோவை மாவட்டம் சூலூர் வட்டத்தில் கருமத்தம்பட்டியை ஒட்டிய ஊர். கோவை – ஈரோடு இரயில் பாதையில் உள்ளது. சோமனூர், பல்லடம், திருப்பூர் என்று நீளும் இந்தப் பகுதி விசைத்தறிக்குப் பேர்போனது. இங்கு பலர் கூலிக்கு நெசவு செய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் காடாத் துணியாக நெய்து திருப்பிக் கொடுத்து, அதற்கான கூலியைப் பெறுவார். தறி அவருடையது; நூலும் துணியும் அவருடையவை அல்ல. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை இந்த ஊரின் வாழ்வோடு இவ்வளவு பிணைந்திருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

வெளியூர்ச் செய்திகளில் சோமனூர் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வருகிறது. ஒன்று, விசைத்தறிகள் நிறுத்தப்படும்போது. மற்றொன்று, விபத்து நேரும்போது. 2017 செப்டம்பர் 7 அன்று பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்து உயிரிழப்பு ஏற்பட்டது. அன்று சோமனூரின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது. இவை பதிவாக வேண்டியவைதான். ஆனால் இவை மட்டுமே பதிவானால், ஊரின் மற்ற நாட்கள் எங்கும் இருக்காது.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. கூலிப் பேச்சுவார்த்தைகளில் 'சோமனூர் ரகம்', 'பல்லடம் ரகம்' என்ற சொற்கள் அடிபடும். 2021 நவம்பர் 24 அன்று அறிவிக்கப்பட்ட உயர்வில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் என்று வகுக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று கூறி 2022 சனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். இந்தச் செய்தியைப் படிக்கும் மாணவருக்கு, ரகம் என்றால் என்ன, ஏன் இரண்டு சதவீதம், கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது புரியாது. தறி ஓட்டுகிறவருக்கு இது அன்றாடக் கணக்கு. நாடா, தார், விழுது, அச்சு, பாவு பிணைத்தல் போன்ற சொற்களும் அப்படியே. இவற்றை அறிந்தவர் எழுதினால் ஒரு பத்தியில் தெளிவாகிவிடும்.

முறையீடும் தகவலும்

தம் ஊரைப் பற்றி எழுத வருபவர்கள் முதலில் செய்யும் தவறு, மனக்குறையைக் கட்டுரையாக எழுதுவது. 'சோமனூர் நெசவாளர்கள் காலங்காலமாக ஏமாற்றப்படுகிறார்கள்' என்று எழுதினால் அந்த வரி நீக்கப்படும். யார் சொன்னது, எங்கே அச்சானது என்று கேட்பார்கள். மாறாக, எந்த நாளில் எவ்வளவு உயர்வு அறிவிக்கப்பட்டது, எந்த நாளில் தறிகள் நிறுத்தப்பட்டன என்பதை நாளிதழ் மேற்கோளுடன் எழுதினால் அதை நீக்குவது கடினம். நூல் விலை, சந்தை நிலவரம் பற்றி உற்பத்தியாளர்கள் சொல்வதையும் சேர்த்தே எழுத வேண்டும். இதுவே நடுநிலை எனப்படுவது. நடுநிலையாக எழுதுவதால் ஊரின் நியாயம் குறைந்துவிடாது. படிப்பவர் தாமே முடிவுக்கு வர அது உதவும்.

இரண்டாவது தவறு விளம்பரம். சொந்த நிறுவனம், உறவினர், தலைவர் ஆகியோரைப் புகழ்ந்து எழுதும் பக்கங்களும் நிலைப்பதில்லை.

ஆதாரம் என்ற தடை

உண்மையான தடை இங்குதான் இருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் எழுதுவதற்கு வெளியான ஆதாரம் வேண்டும். தறிப்பட்டறையில் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் அச்சில் இருப்பதில்லை. அச்சேறாத அறிவு, விதிப்படி, மேற்கோள் ஆகாது. ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கும் இதே சிக்கல்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க 2011-இல் ஒரு முயற்சி நடந்தது. அச்சல் பிரபாலா என்பவர் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, அதையே மேற்கோளாகப் பயன்படுத்தும் முறையை முன்வைத்தார். மலையாளம், இந்தி, செபெடி ஆகிய மொழிகளில் அது செய்து பார்க்கப்பட்டது. விக்கிப்பீடியாவில் அது பொது விதியாகவில்லை. ஆனாலும் எழுதப்படாத அறிவை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியை அது எல்லோர் முன்பும் வைத்தது.

இருக்கும் ஆதாரமும் அழியக்கூடும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது திரும்பக் கிடைக்காத ஏடுகளும் நூல்களும் போயின. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005-இல் தொடங்கியது. இன்று ஈழத்து ஊர்களைப் பற்றி எழுதுவோர்க்கு அது பெரிய துணை. ஆகவே, ஆதாரம் இல்லை என்று நின்றுவிடாமல் ஆதாரத்தை உண்டாக்குவதும் பங்களிப்பே. முதியவர்களிடம் பேட்டி எடுத்துக் கல்லூரி ஆண்டு மலரிலோ சிற்றிதழிலோ வெளியிட்டால், பிறர் தேடிப் படிக்க ஒரு பதிவாவது மிஞ்சும்.

எப்படித் தொடங்குவது

1. பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கவும். மெய்ப்பெயர் தேவையில்லை.

2. முதலில் இருக்கும் பக்கத்தைத் திருத்திப் பழகவும். எழுத்துப் பிழை, பழைய புள்ளிவிவரம் போன்றவை போதும். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. பழைய எண்ணைக் கொண்ட பக்கம் எங்கேனும் இருந்தால், அதை மாற்றுவதே நல்ல தொடக்கம்.

3. புதிய கட்டுரையை 'மணல்தொட்டி' எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கவும்.

4. ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் தரவும். நாளிதழ்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு, மாவட்ட விவரச் சுவடி, துணிநூல் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆகியவை பயன்படும்.

5. நீங்களே எடுத்த படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றவும். தறியின் பாகங்களைப் பெயருடன் காட்டும் ஒரு படம் பல பத்திகளுக்கு ஈடாகும். ஆட்களைப் படமெடுக்கும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

6. எழுதியது நீக்கப்பட்டால் உரையாடல் பக்கத்தில் காரணம் கேட்கவும். பொதுவான ஐயங்களுக்கு 'ஆலமரத்தடி' என்ற பக்கம் உள்ளது.

முடிவுரை

கைப்பேசி இன்று தறிப்பட்டறை வரை வந்துவிட்டது. படித்த பிள்ளைகளும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். தறி ஓட்டும் தாய்க்கும் தந்தைக்கும் தெரிந்ததைக் கேட்டு, ஆதாரம் தேடி எழுதுவது அந்தப் பிள்ளைகளால் முடியும். ஆப்பிரிக்க இளைஞர்களிடம் வைக்கப்படும் வேண்டுகோளும் இதுவே: உங்களைப் பற்றிப் பிறர் எழுதியது குறையாக இருந்தால், குறையை மட்டும் சொல்லாமல் அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். சோமனூர் மாணவர் ஒருவர் 'சோமனூர் ரகம்' என்பதற்கு ஆதாரத்துடன் ஒரு பத்தி எழுதினால், அடுத்த முறை தறிகள் நிற்கும்போது, ஏன் நிற்கின்றன என்று தேடுபவருக்குப் பதில் கிடைக்கும்.