வரகனேரியும் அயர்லாந்தும்

திருச்சியின் வரகனேரியில் 1881-இல் பிறந்த வ.வே.சு. ஐயர், புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, 1907-இல் பாரிஸ்டர் ஆக லண்டன் போனார். படிப்பை முடித்தும், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துப் பட்டத்தையே உதறினார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிவு!

அங்கே அவர் சேர்ந்த ‘இந்தியா ஹவுஸ்’ புரட்சியாளர்களுக்கு அயர்லாந்து கண்முன் நின்ற பாடம். அதே ஆங்கில ஆட்சியை அந்தச் சிறிய தீவு தலைமுறை தலைமுறையாக எதிர்த்துவந்தது. 1905-இல் ஆர்தர் கிரிஃபித் வகுத்த ‘சின் ஃபெயின்’ கொள்கை உள்நாட்டுப் பொருளை வாங்கச் சொன்னது; வங்கத்தில் சுதேசி இயக்கம் எழுந்ததும் அதே ஆண்டுதான். சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்ட ஐரிஷ் புரட்சியாளர் ஜான் டெவாய், நியூயார்க்கில் நடத்திய ‘கேலிக் அமெரிக்கன்’ இதழில் இந்திய விடுதலைக்கும் இடம் தந்தார்.

1910-இல் ‘இந்தியா ஹவுஸ்’ தோழர் சாவர்க்கர் கைதானபின் ஐயர் சீக்கியர் வேடத்தில் தப்பினார். பெட்டியில் ‘வி.வி.எஸ்.’ என்ற எழுத்துகள். துப்பறிபவர் கேட்டபோது, அது ‘வீர விக்கிரம சிங்’ என்றாராம். அவ்வாண்டே புதுச்சேரி சேர்ந்தார்.

லண்டனில் ஐயருடன் பழகிய ஸ்ரீரங்கத்து டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், பின்னாளில் அவர் வரலாற்றை எழுதினார். ராஜாஜியின் வேதாரண்யம் உப்பு யாத்திரை 1930 ஏப்ரல் 13 அன்று புறப்பட்டதும் திருச்சியில் இதே ராஜனின் வீட்டிலிருந்துதான்.