வடக்கு வெளிச்சம் தேடி...
திருப்பூர் மாணவர் ஸ்காண்டிநேவியா போனால் எதைப் பார்க்க வேண்டும்?

திருப்பூர் பனியன் கப்பலேறி ஸ்வீடனுக்குப் போகிறது. ஸ்டாக்ஹோம் கடைவீதியில் அதை வாங்கி உடுத்துகிறவருக்குத் திருப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. போகட்டும்! ஆனால், அந்தப் பனியனின் பின்னாலேயே, கட்டிடக் கலை படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் கிளம்பிப் போனால், அவருக்கு அங்கே கண்ணுக்கு விருந்து காத்திருக்கிறது. கொஞ்சம் கவலையும் காத்திருக்கிறது.

கட்டிடக் கலை மாணவர்களுக்கு ஊர் சுற்றுவது பொழுதுபோக்கு அல்ல, படிப்பில் சேர்ந்தது. டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஸ்காண்டிநேவியா. பக்கத்து வீடான பின்லாந்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

அங்கே வெளிச்சம் என்பது தங்கம் போல. டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் 3 மணிக்கு முன்பே சூரியன் மறைந்து விடும். ஜூன் மாதத்திலோ இரவு 10 மணி வரை பகல்! ஆகையால் ஒவ்வொரு துளி வெளிச்சத்தையும் பிடித்து உள்ளே கொண்டு வருவதில் அந்த நாட்டார் மகா கெட்டிக்காரர்கள்.

தொழிற்சாலையா, தேவாலயமா?

கோபன்ஹேகனை அடுத்த பாக்ஸ்வேர்ட் என்ற இடத்தில் 1976ல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம் ஒன்று இருக்கிறது. சிட்னி நகர இசை அரங்கை வடிவமைத்துப் புகழ் பெற்ற யோர்ன் உட்சனின் கைவண்ணம் அது. வெளியே நின்று பார்த்தால் நம் ஊர் மில் மாதிரி இருக்கும். உள்ளே போனாலோ, தலைக்கு மேலே கான்கிரீட் மேகம் மேகமாகச் சுருண்டு நிற்கிறது! வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மேகத்தில் பட்டு, மெதுவாகக் கீழே இறங்குகிறது.

பின்லாந்தில் பைமியோ என்ற ஊரில் ஆல்வார் ஆல்ட்டோ கட்டிய காசநோய் மருத்துவமனை 1933ல் திறக்கப்பட்டது. நோயாளி நாள் முழுவதும் படுத்தே இருப்பார். அவர் பார்ப்பது சுவரை அல்ல, கூரையைத்தானே? ஆகவே கூரைக்குக் கண்ணை உறுத்தாத நிறம் பூசினார் ஆல்ட்டோ. பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று, தண்ணீர் விழும் சத்தம் கேட்காதபடி கை கழுவும் தொட்டியையும் செய்ய வைத்தார். தையல் மெஷினில் எட்டு மணி நேரம் குனிந்து உட்காரும் பெண்ணின் கண்ணுக்காக இப்படி யோசித்துக் கட்டிய பனியன் கம்பெனிகள் எத்தனை இருக்கும்? தகரக் கூரைக்கும் பட்டப்பகலில் எரியும் டியூப் லைட்டுக்கும் பழகிப் போன ஊர் இது.

அசல் திருப்பூர்!

மாணவர் கட்டாயம் இறங்க வேண்டிய ஊர் ஸ்வீடனில் உள்ள போராஸ். 'ஸ்வீடனின் திருப்பூர்' என்றே சொல்லி விடலாம். துணி மூட்டையை முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்ற வியாபாரிகளுக்காக 1621ல் அரசர் குஸ்தாவ் அடால்ப் அமைத்துக் கொடுத்த நகரம் அது. ஸ்வீடனின் முதல் இயந்திரப் பருத்தி நெசவாலை 1834ல் அதன் அருகே ரைட்போஹோமில்தான் எழுந்தது. பிறகு ஊரெல்லாம் ஆலைகள். விஸ்கான் என்ற ஆறு ஊர் நடுவே ஓடுகிறது. சாயப் பட்டறைக் கழிவு அந்த ஆற்றில்தான் கலந்தது.

இந்தக் கதையை எங்கோ கேட்டது போல் இருக்கிறதா?

பாசனத்துக்கென்று 1992ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். தேங்கியது நொய்யலின் சாயக் கழிவு. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிலை வந்தது.

போராஸ் ஆலைகளுக்கு வேறு விதமாக வந்தது வினை. வெளிநாடுகளிலிருந்து மலிவுத் துணி வந்து குவிய, 1970களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்து விட்டன. ஆலை போனாலும் ஆற்றின் அடி மண்ணில் படிந்த விஷம் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் அதை அகற்றும் வேலை அந்த ஊருக்குத் தலைவலிதான்.

ஆனால் கட்டிடங்களை அவர்கள் விட்டுவிடவில்லை. பழைய செயற்கைப் பட்டு ஆலைக்குள் இன்று ஜவுளிக் கல்லூரி, ஜவுளி அருங்காட்சியகம், வடிவமைப்புக் கம்பெனிகள் எல்லாம் இருக்கின்றன. நம் பக்கத்தில் நூற்பாலை மூடினால், அடுத்த மாதமே மனை விற்பனைப் பலகை நட்டு விடுகிறார்கள்!

கண்ணை மூடிக் காப்பியடித்தால்...

பழைய ஆலைகளின் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும். பல்லின் செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி. அது வடக்கு நோக்கி நிற்கும். ஐரோப்பாவில் நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்பதால், அந்தக் கண்ணாடி வழியே வெயில் நுழையாது. கூசாத வெளிச்சம் மட்டும் வரும். லங்காஷயர்க்காரன் இதைச் செய்தான், சரி.

திருப்பூர் இருப்பது 11 பாகை வட அட்சத்தில். இங்கே ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது! அந்த நான்கு மாதமும் வடக்குக் கண்ணாடியிலும் வெயில் இறங்கும். மேலே ஒரு சாய்ப்பாவது, குறுக்கே தடுப்பாவது வைக்காமல் அதே கூரையைப் போட்டால், கீழே இருப்பவர் வேக வேண்டியதுதான்.

இதைப் புரிந்துகொண்ட டென்மார்க்காரர் ஒருவர் உண்டு. கோபன்ஹேகனில் படித்த உல்ரிக் பிளெஸ்னர், கட்டிடக் கலைஞர் மினெட் டி சில்வாவின் அழைப்பில் 1958ல் இலங்கைக்கு வந்தார். பின்பு புகழ் பெற்ற ஜெப்ரி பாவாவுடன் சேர்ந்து 1967 வரை வேலை செய்தார். வெளிச்சத்தை உள்ளே அழைக்கும் நாட்டில் படித்தவர், வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்தக் கற்றுக் கொண்டார். அந்தக் காலத்தில் பாவா அலுவலகம் கொழும்பில் கட்டிய ஈனா டி சில்வாவின் வீட்டில் நடுவே பெரிய முற்றம். சுற்றிலும் இறக்கிய ஓட்டுக் கூரை. கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் அதிசயமாகத் தோன்றாது. பிற்காலத்தில் அந்த வீட்டைப் பிரித்தெடுத்து, பெந்தோட்டைப் பக்கம் கொண்டு போய் மறுபடி கட்டினார்கள் என்பதுதான் அதிசயம்!

போகிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் ஜூன் மாதத்தில்தான் போகிறார்கள். டிசம்பரிலும் ஒரு முறை போக வேண்டும். நண்பகல் வெளிச்சம் நம் ஊர் அந்தி போல் மங்கிக் கிடக்கும்போதுதான், அங்கே ஒரு ஜன்னலின் அருமை விளங்கும். அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் பையில் இருக்கட்டும். முக்கியமாகக் கம்பளிச் சட்டை. அந்தக் குளிருக்குத் திருப்பூர் பனியன் மட்டும் போதாது!